துணி வெட்டும் மேசையில் காலைக் குறிப்பு

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எனக்கு ஒரு சிறிய தையல் கடை. வீட்டின் முன்னறைதான் கடை. காலை ஐந்தரை மணிக்குத் துணி வெட்டும் மேசை காலியாக இருக்கும். அங்கே நீள நோட்டை விரித்து நாட்குறிப்பு எழுத உட்காருவேன். 2024 தை மாதம் தொடங்கிய பழக்கம் இது. இப்போதெல்லாம் எழுதாமல் கத்தரிக்கோலைத் தொடுவதில்லை.

அதற்கு முன் இரவில்தான் எழுதிவந்தேன். அலுத்துப்போன உடம்போடு எழுதினால், கூலியைக் குறைத்தவர், கொக்கி சரியில்லை என்றவர் என மனத்தாங்கல்தான் பக்கம் பக்கமாக வரும். தூங்கி எழுந்து பார்த்தால் அதே நாள் வேறு மாதிரி இருக்கிறது. சில்லறைக் கோபங்கள் இரவோடு போய்விடுகின்றன.

காலையில் நன்றி சொல்லி எழுதுங்கள், மூன்று பக்கம் நிரப்புங்கள் என்கிறார்கள். அது ஒத்துவருபவர்கள் செய்யட்டும். எனக்கு வழிகாட்டி எங்கள் ஊர் ஆனந்தரங்கப் பிள்ளை. துய்ப்ளேக்ஸ் இங்கே பிரெஞ்சு கவர்னராக இருந்தபோது துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் வணிக இடையாளராகவும் இருந்தவர். 1736இல் நாட்குறிப்பைத் தொடங்கியபோதே, காதால் கேட்டதையும் கண்ணால் கண்டதையும் கப்பல்கள் வந்து போவதையும் எழுதப்போவதாகச் சொல்லிவிட்டார். 1748இல் வேதபுரீஸ்வரர் கோயில் இடிபட்டதும் அதில் இருக்கிறது. பெரிய மார்க்கெட் பக்கம் அவருடைய வீடு இன்றும் நிற்கிறது. லைனிங் துணி வாங்கப் போகும்போதெல்லாம் அதை ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் திரும்புவேன்.

அவருக்குக் கப்பல் என்றால் எனக்கு அளவு ஜாக்கெட். ஒரு நாள் ஒரு பெண் தன் தாயாரின் பழைய ஜாக்கெட்டைக் கொண்டுவந்து, "இதே அளவில் எனக்குத் தைத்துக் கொடுங்கள் அக்கா" என்றார். தாயார் இறந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அளவெடுத்து மடித்து வைத்துவிட்டேன். மறுநாள் காலை எழுதும்போதுதான் அந்த ஜாக்கெட் முழுதாகக் கண்முன் வந்தது. பக்கத் தையலை இரண்டு முறை பிரித்து விட்டிருந்தார்கள். பழைய ஊசித் துளைகள் இரண்டு வரிசையாகத் தெரிந்தன. துணி முழுக்க வெளுத்திருந்தாலும், உள்ளே மடிந்து கிடந்த ஓரத்தில் மட்டும் அரக்கு நிறம் அப்படியே இருந்தது. இதை எழுதிக்கொண்டு போனவள் என் அம்மாவைப் பற்றியும் எழுதிவிட்டேன். வெகுகாலமாக எழுத வராமல் இருந்தது அது.

புது ஜாக்கெட்டை வாங்க அந்தப் பெண் வந்தபோது அந்த ஓரத்தை விரித்துக் காட்டினேன். விரலால் தடவிப் பார்த்தார். "இந்த நிறத்தில் அம்மா போட்டு எனக்கு நினைவே இல்லை அக்கா" என்றார்.

ஆகவே தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது: தேதி, வானம், நேற்றுப் பார்த்த ஒரு பொருள். மனத்தில் இருப்பது அதன் பின்னாலேயே வந்துவிடும். செல்போன் உள்ளறையில் இருக்கட்டும். தீபாவளி நெருக்கத்தில் எனக்கு மூன்று வரிக்கு மேல் நேரம் கிடைக்காது. அப்போதும் தேதியும் மழையும் எழுதாமல் விடுவதில்லை.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. புதுச்சேரியில் நாற்பது சென்டிமீட்டருக்கும் மேல் மழை. மறுநாள் காலை மெஷின்களை மேசைமேல் ஏற்றி வைத்திருந்ததால் கட்டிலில் உட்கார்ந்து எழுதினேன்: தண்ணீர் இரண்டாம் படியைத் தாண்டி வாசற்காலைத் தொட்டது, லைனிங் துணி ஒரு கட்டு நனைந்தது. வாசற்படியை உயர்த்தித் தரும்படி வீட்டு உரிமையாளரிடம் கேட்டபோது அந்தப் பக்கத்தைத்தான் காட்டினேன். அடுத்த ஐப்பசிக்குள் ஒரு படி கூடுதலாகக் கட்டிக் கொடுத்தார்.