அப்பாவின் பேனாவுக்கு அனுமதி இல்லை

சென்ற குளிர்காலத்தில் அப்பா சென்னையிலிருந்து எங்களோடு இருக்க வந்தார். மூன்றாவது வாரமே கேட்டுவிட்டார்: "ஏம்மா, இங்க நான் என்னதான் பண்றது?" நியாயமான கேள்விதான். அமெரிக்காவில் நியூ ஹேவன், ஜனவரி மாதம், வெளியே முழங்கால் அளவு பனி. மாப்பிள்ளை ஆய்வகத்துக்குப் போய்விடுவார், பேத்தி பள்ளிக்கூடம், எனக்கு வீட்டிலிருந்தே வேலை. 34 வருடம் சென்னை உயர் நீதிமன்றத்தில் வக்கீல் குமாஸ்தாவாக ஓடியாடிய மனிதர் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து அணிலை எண்ணிக்கொண்டிருந்தார்.

நாங்கள் இருப்பது யேல் பல்கலைக்கழகத்திலிருந்து நடக்கிற தூரம். ஆனால் மூன்று வருடத்தில் அதன் அருங்காட்சியகங்களில் ஒன்றுக்குள்ளும் நான் கால் வைத்ததில்லை. என் கணவரிடம் அடையாள அட்டை உண்டு, என்னிடம் கிடையாது. பெரிய பெரிய இரும்புக் கேட்டுகளைப் பார்த்து, இதெல்லாம் படிக்கிற பிள்ளைகளுக்கு, நமக்கு இல்லை என்று நானாகவே முடிவு செய்துவிட்டேன். யாரும் என்னைத் தடுத்ததில்லை, நானும் யாரையும் கேட்டதில்லை.

மகளின் வகுப்புத் தோழியின் அம்மாதான் யேலின் பீபாடி இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் இப்போது எல்லோருக்கும் இலவசம் என்று சொன்னார். நான்கு வருடம் மூடிக் கிடந்து 2024 மார்ச்சில் மறுபடி திறந்ததிலிருந்து டிக்கெட்டே கிடையாதாம். அன்று பள்ளி விடுமுறை, உடனே மூன்று பேரும் கிளம்பிவிட்டோம். திங்கட்கிழமை. கதவு பூட்டியிருந்தது. வாசலில் நிற்கிற டைனோசர் சிலைக்குக் கீழே நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, மூக்கு சிவக்கத் திரும்பினோம். இந்த ஊரில் பல அருங்காட்சியகங்களுக்குத் திங்கட்கிழமை விடுமுறை என்பதைப் போகிறவர்கள் முதலில் மனதில் எழுதிக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை மறுபடி போனோம். அதைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன், பிள்ளைகளோடு போகிறவர்களுக்குத் தெரியும், பார்ப்பது பாதி, ஓடிப் பிடிப்பது பாதி. பிரான்டோசாரஸ் என்று 1879இல் பெயர் வைத்தார்களே, அந்தப் பெயருக்கு மூலமான எலும்புக்கூடே அங்கேதான் நிற்கிறது. சுவரில் 110 அடி நீளத்துக்கு ஊர்வனவற்றின் காலம் முழுக்க ஒரே ஓவியமாக இருக்கிறது. மகள் எலும்பைப் பார்த்தாள். அப்பா கூரையைப் பார்த்துவிட்டு "கரன்ட் பில் எவ்வளவு வரும்?" என்றார்.

அங்கே வைத்திருந்த ஒரு துண்டுச்சீட்டிலிருந்துதான் மற்றது எல்லாம் ஆரம்பித்தது. பல்கலைக்கழகத்தின் நிகழ்ச்சி நாட்காட்டி இணையத்தில் இருக்கிறது. நூற்றுக்கணக்கில் வரும், பார்த்தால் தலை சுற்றும். பாதி, துறைக்குள் நடக்கிற கருத்தரங்கம். ஒவ்வொன்றின் கீழும் யார் வரலாம் என்று ஒரு வரி இருக்கும். அதில் பொதுமக்கள் என்று போட்டிருந்தால் தயங்காமல் போகலாம், அட்டை கேட்க மாட்டார்கள். சிலவற்றுக்கு இலவசம் என்றாலும் முன்பதிவு வேண்டும், அந்த இடங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும். நான் ஒவ்வொரு அருங்காட்சியகத்தின் மின்னஞ்சல் பட்டியலிலும் பெயர் கொடுத்துவிட்டேன். வேண்டாத மெயில் நிறைய வரத்தான் செய்யும், பரவாயில்லை.

அப்படித்தான் ஒரு நாள் பிரிட்டிஷ் கலை மையத்தில் இலவசமாகக் கூட்டிப்போய்க் காட்டும் நிகழ்ச்சிக்குப் போனோம். சேப்பல் தெருவில் எதிரெதிரே இரண்டு கலைக்கூடங்கள், இரண்டுக்கும் லூயி கான் என்ற கட்டடக் கலைஞர் கட்டிய கட்டடங்கள், இரண்டுக்கும் காசில்லை. பதினைந்து பேர் இருந்தோம். அழைத்துப்போனவர் வெள்ளை முடி வைத்த ஓர் அம்மா. நம் ஊர் கைடு மாதிரி ஒப்பிக்கவில்லை. ஒரு படத்தின் முன் நிறுத்தி, ஒரு நிமிடம் சும்மா பாருங்கள், பிறகு என்ன தெரிகிறது என்று சொல்லுங்கள் என்றார். எனக்கு இந்த மாதிரிக் கேள்வி என்றாலே பள்ளிக்கூட பயம் வந்துவிடும், பின்னால் போய் நின்றுகொண்டேன்.

படத்தில் விக் வைத்த பெரிய மனிதர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். பின்னால் குழந்தைகள் விளையாடுகிறார்கள். ஓரத்தில் ஒரு கறுப்பினச் சிறுவன். அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டப் போனார். "அந்தப் பையன் கழுத்தைப் பாரும்மா" என்றார் தமிழில். வெள்ளியில் ஒரு வளையம், அதில் ஒரு பூட்டு. நாய்க்குப் போடுகிற மாதிரி.

நடுவில் உட்கார்ந்திருப்பவர் எலிஹு யேல். இந்தப் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்தவர், 1687 முதல் 1692 வரை மதராஸ் புனித ஜார்ஜ் கோட்டைக்கு கவர்னர். அந்த அம்மா பெயரைச் சொன்னதும் அப்பா நிமிர்ந்தார். அவர் கை தூக்கியதை நான் கவனிப்பதற்குள் பேச ஆரம்பித்துவிட்டார், கோர்ட் இங்கிலீஷில்: "மேடம், இவருடைய மகனின் சமாதி எங்கள் ஹைகோர்ட் வளாகத்தில் இருக்கிறது. முப்பத்து நான்கு வருடம் தினமும் அதைத் தாண்டித்தான் போனேன்."

எல்லோரும் திரும்பிவிட்டார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. ஆனால் அந்த அம்மா விடவில்லை, சொல்லுங்கள் சொல்லுங்கள் என்றார். அப்பாவும் சொன்னார். கூம்பு மாதிரி உயரமாக ஒரு கட்டடம், சின்ன வயதிலேயே போய்விட்ட டேவிட் என்கிற பையன், கூடவே யேல் கட்டிக்கொண்ட பெண்ணின் முதல் கணவர். பார்க்கிங் கட்ட அது இடைஞ்சல் என்று வழக்கு நடந்ததுவரைக்கும் சொல்லிவிட்டார். 1680இல் கோட்டைக்குள் புனித மேரி தேவாலயம் திறந்த சில நாளில் அங்கே நடந்த முதல் கல்யாணம் இவருடையதுதான் என்று அந்த அம்மா தன் பங்குக்குச் சேர்த்தார். அப்பாவுக்கு அது தெரியாது.

அப்புறம் அந்த அம்மா பூசி மெழுகாமல் பேசினார். 1680களில் மதராஸிலிருந்து ஆட்களை அடிமைகளாகக் கப்பலேற்றிய காலத்தில் கோட்டை கவுன்சிலில் இருந்தவர் யேல். 1718இல் இந்தக் கல்லூரிக்கு அவர் அனுப்பியது 417 புத்தகங்கள், அரசரின் படம் ஒன்று, ஒன்பது மூட்டை சரக்கு. மூட்டையில் காலிகோ, மஸ்லின் துணிகளும் இருந்தன. விற்றதில் சுமார் 562 பவுன் கிடைத்தது, அதற்கு நன்றியாக அவர் பெயர் வைத்தார்கள். அடிமை முறையோடு இருந்த தொடர்புக்காகப் பல்கலைக்கழகம் 2024இல் முறைப்படி மன்னிப்புக் கேட்டது. அப்பா என் பக்கம் குனிந்து, "ஒன்பது மூட்டைத் துணிக்கு இவ்ளோ பெரிய பேரா?" என்றார்.

முடிந்ததும் அந்த அம்மா எங்களிடம் வந்து, பழைய மதராஸில் ஆர்வம் இருந்தால் யேலின் அரிய புத்தகங்களை வைத்திருக்கிற பைனக்கி நூலகத்தில் பதிவு செய்து அந்தக் காலத்துப் புத்தகத்தையே வாங்கிப் படிக்கலாமே என்றார். அங்கே யாரை விடுவார்கள் என்று கேட்டேன். யாரை வேண்டுமானாலும், என்றார்.

முதலில் ஒரு சனிக்கிழமை போய்க் கட்டடத்தை மட்டும் சுற்றிப் பார்த்தோம், அதற்கும் இலவச வழிகாட்டல் உண்டு. 1963இல் திறந்தது. வெளியே நின்று பார்த்தால் ஜன்னலே இல்லாத வெள்ளைப் பெட்டி. உள்ளே போனால் சுவர் முழுக்கத் தேன் நிறத்தில் ஒளிர்கிறது. சுவர்கள் ஒன்றேகால் அங்குலத் தடிப்புள்ள பளிங்குப் பலகைகள், வெயில் அதற்குள் ஊறித்தான் உள்ளே வரும், நேராகப் புத்தகத்தின் மேல் படாது. நடுவில் ஆறு மாடி உயரக் கண்ணாடிக் கூண்டு, முழுக்கப் பழைய புத்தகம். தீப்பிடித்தால் உள்ளே இருக்கிற காற்றையெல்லாம் உறிஞ்சிவிடுவார்கள், மாட்டிக்கொண்டவன் செத்தான் என்று ஒரு கதை ஊரில் உலவுகிறது. அது வெறும் கட்டுக்கதை. 1977இல் புத்தகங்களில் வண்டு புகுந்தது மட்டும் நிஜம். மருந்து அடிக்காமல், புத்தகங்களை மூன்று நாள் மைனஸ் 36 டிகிரியில் உறைய வைத்து வண்டைக் கொன்றார்களாம். "நம்ம ஊர்ல வசம்பு வைப்போம்" என்றார் அப்பா. ரெக்கார்ட் ரூமில் கரையான் அரித்த கட்டுகளைப் பிரித்தே பாதி ஆயுள் போனவர்.

இனி, படிக்கும் அறைக்குப் போகிற விஷயம். முதலில் இணையத்தில் ஒரு கணக்கு தொடங்க வேண்டும். படிப்பு, பதவி எதுவும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, என்ன காரணம் என்ற இடத்தில் சொந்த ஆர்வம் என்று போட்டேன். ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு, அப்பா பெயரில் ஒன்று, என் பெயரில் ஒன்று. பிறகு நூலகப் பட்டியலில் தேடி, வேண்டிய புத்தகத்துக்கு எதிரே இருக்கிற பொத்தானை அழுத்தித் தேதி கொடுக்க வேண்டும். நேரே போய் அங்கேயே கேட்டுக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். சில புத்தகங்கள் வேறு கிடங்கில் இருக்கும், வந்து சேர இரண்டு மூன்று நாள் ஆகும். படிக்கும் அறை வார நாட்களில் மட்டும்தான், எனக்கு ஒரு நாள் லீவு போட வேண்டியிருந்தது. அடையாளத்துக்கு அப்பாவின் பாஸ்போர்ட் போதுமானதாக இருந்தது. "ஸ்டாம்ப் ஒட்ட வேண்டாமா? ஃபீஸ் எங்க கட்டறது?" என்று அவர் கேட்டுக்கொண்டே வந்தார். நகல் மனு போட்டு வாரக்கணக்கில் காத்திருந்து பழகியவருக்கு, இப்படிச் சும்மா கொடுப்பது சந்தேகமாகவே இருந்தது.

கோட்டு, பை, தண்ணீர் பாட்டில் எல்லாம் லாக்கரில். லேப்டாப், போன் கொண்டு போகலாம், போட்டோவும் எடுக்கலாம், ஃபிளாஷ் கூடாது. வாசலில் இருந்தவர் அப்பாவின் சட்டைப்பையைக் காட்டி, மன்னிக்க வேண்டும், பேனாவும் உள்ளே வர முடியாது, என்றார். அங்கே மை என்பதே ஆகாது. எனக்குத் தெரிந்து அப்பா பேனா இல்லாமல் இருந்தது குளிக்கும்போதுதான். எடுத்து லாக்கரில் வைத்துவிட்டு, வெறும் பையை இரண்டு முறை தடவிப் பார்த்துக்கொண்டார். அவர்களே ஒரு பென்சில் கொடுத்தார்கள்.

கையுறை தருவார்கள் என்று நினைத்திருந்தேன். இல்லை, கையைக் கழுவி நன்றாகத் துடைத்துக்கொண்டு வந்தால் போதும், கையுறை போட்டால் தாளைத் தொடுகிற உணர்வே போய்க் கிழித்துவிடுவோமாம். புத்தகத்தை மேசையில் மல்லாக்க விரிக்கக் கூடாது, இரண்டு பக்கமும் ஸ்பாஞ்சு முட்டுக் கொடுத்துச் சாய்த்து வைக்கிறார்கள். பக்கம் மூடாமல் இருக்க, துணிக்குள் ஈயக் குண்டு கோத்த நீள மாலை ஒன்றை அதன் மேல் போடுகிறார்கள். அதற்குப் பெயர் பாம்பு. "பாம்பு போதுமா, இன்னொன்று வேண்டுமா?" என்று அந்தப் பெண் கேட்டபோது அப்பாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

நாங்கள் கேட்டிருந்தது ஜான் ஃப்ரையர் என்ற வைத்தியரின் பயண நூல், 1698இல் லண்டனில் அச்சானது. அவர் மதராஸில் இறங்கியது 1673இல், யேல் வந்து சேர்ந்த அடுத்த வருடம். தாள் தடிமனாக, கைத்துணி மாதிரி இருந்தது. முதல் அரை மணி எங்களால் ஒரு வாக்கியம்கூடச் சரியாகப் படிக்க முடியவில்லை, எஸ் எல்லாம் எஃப் மாதிரி நிற்கிறது. அப்பாதான் முதலில் பிடித்தார். பழைய பத்திரங்களில் புள்ளி இல்லாத எழுத்தைப் படித்துப் பழகிய கண். அதற்குப் பிறகு என்னை முந்திக்கொண்டு போனார்.

37ஆம் பக்கத்தில் நின்றார். ஃப்ரையர் கப்பலிலிருந்து கரைக்கு மசூலா படகில் வருகிறார். பத்துப் பேர் துடுப்புப் போடுகிறார்கள், கடைசி இரண்டு பேர் துடுப்பாலேயே திருப்புகிறார்கள், தனியாகச் சுக்கான் இல்லை. பலகைகளை ஆணி அடிக்காமல் தென்னை நார்க் கயிற்றால் தைத்து, இடுக்கில் குங்கிலியம் அடைத்திருக்கிறார்கள். அதனால் எந்த அலை அடித்தாலும் படகு வளைந்து கொடுக்கிறது என்று எழுதுகிறார்.

அப்பா பிறந்தது ராயபுரம். சின்ன வயதில் அவருடைய தாத்தா கையைப் பிடித்துக்கொண்டு கடற்கரையில் தைத்த படகைப் பார்த்திருக்கிறார். மழைக்கு முன்னால் கயிற்றை எல்லாம் அவிழ்த்துவிட்டு மறுபடி தைப்பார்களாம். இதை என்னிடம் அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. அந்த அறையில் சத்தம் போடக் கூடாது என்பதால் காதோரமாகக் கிசுகிசுத்தார், நடுவில் நிறுத்தி அந்தப் பத்தி முழுவதையும் தன் குமாஸ்தா கையெழுத்தில், பென்சிலால், நோட்டில் எழுதிக்கொண்டார். போட்டோ எடுத்தாயிற்றே என்றேன். "போட்டோ உன் போன்ல இருக்கும்" என்றார்.

வெளியே வரும்போது நோட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் விட்டார்கள். அப்பாவுக்கு அது மிகவும் பிடித்திருந்தது, இப்படித்தான் இருக்கணும் என்றார். ராத்திரி சாப்பிடும்போது சட்டைப்பையில் கை விட்டார், முகம் மாறிவிட்டது. லாக்கரிலிருந்து எடுத்து வந்த பேனாவுக்குப் பக்கத்திலேயே நூலகத்துப் பென்சில். ஒரு விரல் நீளம், பாதி தேய்ந்தது.

பென்சில்தானே அப்பா, விடுங்கள் என்றேன். அவர் கேட்கவில்லை. மறுநாள் காலை, மைனஸ் 9 டிகிரி, குரங்குக் குல்லா, மஃப்ளர், என் கணவரின் பழைய கோட்டு எல்லாம் மாட்டிக்கொண்டு தனியாகவே நடந்து போய்விட்டார். முதல் முறையாக, என்னைத் துணைக்குக் கூப்பிடாமல். ஒரு மணி நேரத்தில் வந்துவிடுவார் என்று பார்த்தால் காணோம். மத்தியானம் போன் வந்தது, கிசுகிசுத்த குரலில்.

"பென்சில குடுத்துட்டேம்மா. வந்ததுதான் வந்தோம்னு இன்னொரு புஸ்தகம் கேட்டிருக்கேன். சாப்பாட்டுக்குக் காத்திருக்காத."