கையெழுத்து போட்ட கர்னல் யாரு?

பாண்டிச்சேரி, காரைக்கால் பக்கம் சொல்தா வீடுன்னு சொன்னா போதும், தாத்தாவோ கொள்ளுத்தாத்தாவோ பிரெஞ்சு பட்டாளத்துல இருந்திருக்காரு, பிரெஞ்சு பென்ஷன் வந்திருக்குன்னு எல்லாரும் புரிஞ்சுக்குவாங்க. அப்படி ஒரு வீட்டுப் பையன், என் ஃப்ரெண்டு, அவன் கொள்ளுத்தாத்தாவோட பட்டாளத்து சான்றிதழை போட்டோ எடுத்து அனுப்பி "இதுல என்னடா எழுதியிருக்கு, கீழ கையெழுத்து யாருது"ன்னு கேட்டான்.

அது நன்னடத்தை சான்றிதழ், செர்த்திஃபிகா தெ பொன் கோந்துயித். சர்வீஸ் முடிச்சு வெளிய வர்ற சிப்பாய்க்கு ரெஜிமென்ட்ல கொடுப்பாங்க, அரசாங்க வேலை கேட்டுப் போனாலும் திரும்ப பட்டாளத்துல சேரணும்னாலும் இதைத்தான் முதல்ல கேப்பாங்க. மரியாதையோடயும் விசுவாசத்தோடயும் சேவை செஞ்சாருன்னு கொட்டை எழுத்துல இருக்கறத பாத்து இவன் குடும்பமே உருகிப்போச்சு, ஆனா அந்த வரி அச்சடிச்சது, எல்லாருக்கும் அதே வரிதான். கையால எழுதினது பேரு, ரெஜிமென்ட், தேதி, அப்புறம் அங்க அடையாளம். நெத்தி சாதாரணம், மூக்கு நடுத்தரம், முகம் நீள்வட்டம். அவரோட போட்டோ ஒண்ணுகூட வீட்டுல இல்லையாம், அதனால இந்த "மூக்கு நடுத்தரம்" ஒண்ணுதான் அவர் முகத்தைப் பத்தி மிஞ்சியிருக்கற தகவல், எழுதின கிளார்க்கு எத்தனை மூக்கை நடுத்தரம்னு எழுதித் தள்ளினாரோ.

ரெஜிமென்ட் பேரு 11வது கொலோனியல் இன்ஃபன்ட்ரி, ஊரு சைகோன் (இப்போ வியட்நாம்ல இருக்கற ஹோ சி மின் சிட்டி), 1920கள்ல உள்ள தேதி. இந்தப் பேரை வெச்சே காலத்தை ஓரளவு பிடிச்சிடலாம், ஏன்னா 1900 ஜூலை வரைக்கும் இந்தப் படைங்க கடற்படை அமைச்சகத்துக்கு கீழ 'மரின்' காலாட்படையா இருந்துச்சு, அந்த வருஷம் வந்த சட்டத்துல போர் அமைச்சகத்துக்கு மாத்தி 'கொலோனியல்'னு பேரு வெச்சாங்க, நங்கூரச் சின்னம் மட்டும் அப்படியே நின்னுடுச்சு. தலைப்பையும் பாக்கணும். பிரெஞ்சுக் குடியரசுன்னு இல்லாம பிரெஞ்சு அரசுன்னு இருந்தா அது 1940-44 விஷி காலத்து பேப்பர், அதாவது ஜெர்மனிகிட்ட தோத்தப்புறம் அதோட ஒத்துப்போன பிரெஞ்சு அரசாங்கத்தோடது. இதுல ஒரு கூத்து இருக்கு, பாண்டிச்சேரி கவர்னர் போன்வேன் 1940 செப்டம்பர் 7லயே ஜெர்மனியை எதிர்த்து லண்டன்ல இருந்து போராடின ஜெனரல் தெ கோல் பக்கம் சேந்துட்டாரு, வியட்நாம், லாவோஸ், கம்போடியா சேந்த பிரெஞ்சு இந்தோசீனாவுலயோ கவர்னர் ஜெனரல் தெகூ விஷிக்கு விசுவாசமா நின்னாரு, ஆக சைகோன்ல சர்வீஸ்ல மாட்டின பாண்டிச்சேரி ஆளுக்கு வீடு ஒரு பிரான்ஸ்ல, ட்யூட்டி இன்னொரு பிரான்ஸ்ல.

சரி, கையெழுத்து. ஒண்ணு சான்றிதழ் கமிஷனுக்கு தலைமை தாங்கின ஆபீசருது, இன்னொண்ணு ரெஜிமென்ட் கமாண்ட் பண்ற கர்னலோடது. ரெண்டும் படிக்கவே முடியல, கர்னல் பேனாவை எடுத்து ஒரு பெரிய சுழி போட்டு அடியில ரெண்டு கோடு இழுத்து விட்டிருக்காரு. ஆனா எழுத்தைப் படிச்சே ஆகணும்னு இல்ல, பதவியும் ரெஜிமென்ட்டும் வருஷமும் இருந்தா போதும். பிரெஞ்சு ராணுவம் வருஷா வருஷம் ஆபீசர் பட்டியல் அச்சடிச்சுது, பிரான்ஸ் தேசிய நூலகத்தோட கலிக்கா சைட்ல பழசு நிறைய ஸ்கேன் பண்ணி வெச்சிருக்காங்க. பேரு கிடைச்சதும் லெயோனோர்னு ஒரு டேட்டாபேஸ், லெஜியோன் தொனர்ங்கற பிரான்ஸோட உயர்ந்த மெடல் வாங்கி 1977க்கு முன்னாடி செத்தவங்களோட ஃபைல் இருக்கற இடம், அங்க போய் தேடணும். கர்னல் மாட்டிக்கிட்டாரு. பொறந்த ஊரு, அப்பா அம்மா பேரு, எந்த வருஷம் எந்த பதவி, எங்கெங்க சண்டை, எல்லாம் வரிசையா இருக்கு. டோங்கின் (வட வியட்நாம்), மொரோக்கோ, 14-18 யுத்தம்னு அந்தக் காலத்து கொலோனியல் ஆபீசருங்க ரூட்டு பெரும்பாலும் இப்படித்தான். சின்ன ஆபீசருங்க கையெழுத்தையும் விட்டுடாதீங்க, 1924ல இந்தோசீனாவுல வந்து இறங்கின சலான்ங்கற லெப்டினன்ட் பின்னாடி அங்கயே தளபதியாகி, 1961ல அல்ஜியர்ஸ்ல தெ கோலுக்கு எதிரா கலகம் பண்ணின ஜெனரல்கள்ல ஒருத்தரா நின்னாரு.

எனக்கு எரிச்சலானது என்னன்னா, கர்னலுக்கு இவ்வளவு பக்கம், சொல்தாவுக்கு இந்த ஒத்தை பேப்பர். அவர் பொறந்த பதிவை வேணா ஏக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ்ல இருக்கற வெளிநாட்டு ஆவணக் காப்பகம் நெட்ல போட்டிருக்கற பாண்டிச்சேரி ரெஜிஸ்டர்ல தேடலாம், ஆனா அங்கயும் பேரு வேற மாதிரி இருக்கலாம், 1881 டிக்ரிக்கு அப்புறம் ரெனோன்சான் ஆனவங்க, அதாவது சாதி, மத வழக்கச் சட்டத்தை விட்டுட்டு பிரெஞ்சு சிவில் சட்டத்துக்கு மாறினவங்க, குடும்பப் பேரே புதுசா எடுத்துக்கிட்டாங்க இல்லையா, அதனால பழைய பேரு, புதுப் பேரு ரெண்டையும் வெச்சுத்தான் தேடணும்.

சான்றிதழ்ல பேருக்குப் பக்கத்துல அவரோட மாத்ரிக்யூல் நம்பர், அதாவது பட்டாளத்துல அவருக்கு கொடுத்த பதிவு எண், இருக்கு, மடிப்புல ரெண்டு இலக்கம் அழிஞ்சிருக்கு. லேமினேட் மட்டும் பண்ணிடாதடா, வெளிச்சத்துல புடிச்சு மறுபடி ஒரு போட்டோ எடு, பின்பக்கத்தையும் சேத்து அனுப்புன்னு சொல்லியிருக்கேன். நம்பர் முழுசா கிடைச்சா ராணுவ காப்பகத்துக்கு லெட்டர் போடலாம்.