இரவு ஜெனரேட்டருக்கு என்ன வேலை?

சென்னைப் புறநகரில் நாங்கள் கட்டிக்கொண்டிருக்கும் ஐந்து மாடிக் குடியிருப்பில், அஸ்திவாரத்துக்குப் பள்ளம் தோண்டிய நாளிலிருந்தே 62.5 கேவிஏ திறனுள்ள டீசல் ஜெனரேட்டர் ஒன்று வாடகைக்கு ஓடிக்கொண்டிருந்தது. தற்காலிக மின் இணைப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்த மாதங்கள் அவை. டீசல் கணக்கைப் பார்த்த உரிமையாளர், "இதைத் தூக்கிவிட்டுப் பேட்டரி வைத்துவிடலாமா?" என்று கேட்டபோது, சைட்டின் மின் வேலைகளைப் பார்ப்பவன் என்ற முறையில் பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஒரு வாரம் அவகாசம் கேட்டுக்கொண்டு, கம்பியில் ஓடும் மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரும் ஒரு நாற்பது பக்க நோட்டுமாக ஜெனரேட்டர் பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.

அந்த அளவு ஜெனரேட்டரின் முழுத் திறன் ஒரு ஃபேஸுக்கு ஏறத்தாழ 87 ஆம்பியர். பகலில் கம்பி வெட்டும் இயந்திரமும் வளைக்கும் இயந்திரமும் வெல்டிங்கும் பொருட்களை மாடிக்கு ஏற்றும் ஹாய்ஸ்ட்டும் ஒரே நேரத்தில் ஓடும் சில நிமிடங்களில் அது 60 வரை ஏறியது. மற்ற நேரங்களில் 30 பக்கம் நின்றது. இரவு எட்டு மணிக்குப் பிறகு பார்த்தால், தொழிலாளர் ஷெட்டின் விசிறிகள், விளக்குகள், அவ்வப்போது ஓடும் தண்ணீர் மோட்டார் எல்லாம் சேர்ந்து வெறும் 9 ஆம்பியர். அதாவது 50 கிலோவாட் கொடுக்கக்கூடிய இயந்திரம் காலை ஆறு மணி வரை 5 கிலோவாட் கொடுப்பதற்காக உறுமிக்கொண்டிருந்தது.

டீசல் எஞ்சின் லோடு குறைந்தால் அதே விகிதத்தில் எரிபொருளைக் குறைத்துக்கொள்வதில்லை. சும்மா சுற்றுவதற்கே ஒரு பங்கு போய்விடுகிறது. எங்கள் டேங்கில் குச்சி விட்டு அளந்ததில் பகலில் ஒரு லிட்டருக்கு 3 யூனிட் கிடைத்தது. இரவில் மணிக்கு 4 லிட்டர் குடித்துவிட்டு 5 யூனிட்தான் தந்தது. லிட்டர் 92 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், பகல் யூனிட் சுமார் 30 ரூபாய்க்கும், இரவு யூனிட் 70 ரூபாய்க்கு மேலும் அடக்கமாகிறது. போதாததற்கு, லோடு இல்லாமல் நெடுநேரம் ஓடும் எஞ்சின் போதிய சூடு ஏறாமல், முழுதாக எரியாத எரிபொருளைப் புகைக்குழாய் வழியே வெளியே தள்ளுகிறது. எங்கள் சைலன்சரின் வாயிலிருந்து மூடியின் மேல் வழிந்திருந்த கறுப்புப் பிசுக்கை, ஆயில் ஒழுகுகிறது என்றே பல வாரங்களாக நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஆகவே நான் உரிமையாளரிடம் சொன்னது, ஜெனரேட்டரைத் தூக்க வேண்டாம், இரவில் நிறுத்திவிடலாம் என்பதுதான். 60 யூனிட் கொள்ளளவும் 30 கேவிஏ இன்வெர்ட்டரும் கொண்ட லித்தியம் பேட்டரிப் பெட்டி ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். மின் இணைப்பே இல்லாத இடத்தில் அதை எப்படிச் சார்ஜ் செய்வது என்று மேஸ்திரி சிரித்தார். அதே ஜெனரேட்டரில்தான்! பகலில் அது எப்படியும் ஓடுகிறது. மூன்றில் ஒரு பங்கு லோடில் திணறிக்கொண்டிருப்பதன்மேல் இன்னொரு 15 கிலோவாட்டைச் சில மணி நேரம் ஏற்றினால், அந்தக் கூடுதலுக்கு ஆகும் டீசல் 15 லிட்டர் அளவில் முடிந்துவிடுகிறது, எஞ்சினும் நல்ல சூட்டில் ஓடுகிறது. இரவுக்கு 40 லிட்டர் போன இடத்தில் 15 லிட்டர் என்றால், சார்ஜ் ஏற்றி இறக்குவதில் வரும் இழப்பையும் கழித்துக்கொண்டு, நாளொன்றுக்கு 2,300 ரூபாய் மிச்சம். பேட்டரியின் ஒரு நாள் வாடகை இதற்குக் கீழே இருந்ததால்தான் எடுத்தோம். மேலே போயிருந்தால் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன்.

முதல் வாரத்திலேயே ஒரு தவறு செய்தேன். ஜெனரேட்டருக்கு ஆயில் மாற்றிய அரை நாளில், ஹாய்ஸ்ட்டையும் பேட்டரியிலேயே ஓட்டிவிடலாம் என்று துணிந்தேன். அதன் 11 கிலோவாட் மோட்டார் ஓடும்போது 21 ஆம்பியர்தான் இழுக்கும். ஆனால் நேரடியாக ஸ்டார்ட் செய்யும் கணத்தில் அதைப் போல ஆறு மடங்கு கேட்கும். இன்வெர்ட்டரின் அளவோ 42 ஆம்பியர். லோடு குறைவாக இருந்த முதல் முறை எப்படியோ சமாளித்தது. இரண்டாம் மாடியில் நின்று மறுபடி கிளம்பியபோது டிரிப் ஆகி, மணல் மூட்டைகளோடு மேடை நடுவில் தொங்கியது. ஆள் ஏறும் ஹாய்ஸ்ட் இல்லை என்பது மட்டுமே ஆறுதல். மோட்டாரை மெதுவாகக் கிளப்பும் டிரைவ் பொருத்தியிருந்தால் இந்தச் சிக்கல் இருந்திருக்காது. பேட்டரி வாங்குகிறவர்கள் யூனிட் கணக்கை மட்டும் பார்த்துவிட்டு, மோட்டார் கிளம்பும்போது எவ்வளவு இழுக்கும் என்று கேட்க மறந்துவிடுகிறார்கள்.

தளம் போடும் நாளில் நான் பேட்டரியை நம்புவதில்லை. கான்கிரீட் கொட்டத் தொடங்கிவிட்டால் இரவு பத்தானாலும் நிறுத்த முடியாது. கான்கிரீட்டை அதிர வைத்து இறுக்கும் வைப்ரேட்டர் நடுவில் நின்றால் இறுகிய கான்கிரீட்டும் புதுக் கான்கிரீட்டும் சேரும் இடத்தில் விரிசல் வழி உண்டாகிவிடும். டீசல் தீர்ந்தால் கேனில் கொண்டுவந்து ஊற்றலாம், பேட்டரி தீர்ந்தால் காத்திருக்கத்தான் வேண்டும். சித்திரை வெயிலும் ஒரு தலைவலி. இரும்புப் பெட்டிக்குள் சூடு ஏறினால் பேட்டரி தானாகவே சார்ஜ் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது என்பதால், அதற்கு மேல் தென்னங்கீற்றுப் பந்தல் போட்டோம். நார்வேயின் ஓஸ்லோ நகரத்தில் 2019இலேயே புகையில்லாக் கட்டுமானத்தை ஒரு தெருவில் செய்து காட்டினார்கள். அவர்களுக்கு நீர்மின்சாரம் தாராளமாக இருக்கிறது, இந்த வெயில் இல்லை.

சத்தத்தைப் பற்றி எழுதாமல் விடக்கூடாது. குடியிருப்புப் பகுதியில் இரவு 45 டெசிபல்தான் விதிப்படி அளவு. சத்தத்தை அடக்கும் மூடியோடு கூடிய ஜெனரேட்டருக்கு ஒரு மீட்டர் தூரத்தில் 75 வரை அனுமதி உண்டு, பக்கத்து வீட்டின் ஜன்னலோ எங்கள் சுவரை ஒட்டியே இருக்கிறது. அங்கிருந்து வந்த புகார்கள் நின்றுபோனது நான் எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது எங்கள் காவலாளி சொன்னது: "சார், முன்னெல்லாம் இந்த இரைச்சல்ல எவன் கம்பிய இழுத்துட்டுப் போனாலும் கேக்காது. இப்ப நாய் நடந்தாக்கூடக் கேக்குது."

போன மாதம் தற்காலிக இணைப்பு வந்துவிட்டது. கிடைத்த லோடு சிறியது, ஹாய்ஸ்ட்டைத் தாங்காது. ஆனால் நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகப் பேட்டரியை நிரப்பப் போதும். தற்காலிகக் கட்டணம் வீட்டுக் கட்டணத்தைவிட அதிகம் என்றாலும், டீசல் யூனிட்டோடு ஒப்பிட்டால் அது மிகக் குறைவு. அடுத்த சைட்டில் டவர் கிரேன் வருகிறது, அங்கே கணக்கு வேறு. அதற்கும் ஒரு நோட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.