ஹேங் ஆகும் கணினி: வைஃபை டிரைவரும் மெமரி வேகமும்

நீலத்திரை வராது, பிழைச்செய்தி வராது. பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் அதன் கடைசித் துணுக்கு மட்டும் டர்ர்ர் என்று திரும்பத் திரும்பக் கேட்கும். மவுஸ் நகராது. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைப்பதைத் தவிர வேறு வழி இருக்காது. லினக்ஸ் ஓடும் என் மேசைக் கணினி சில நாள் ஒழுங்காக இருக்கும், சில நாள் காலையிலேயே இப்படி நின்றுவிடும்.

ஹேங் ஆனதும் முதலில் கேப்ஸ் லாக்கைத் தட்டிப் பாருங்கள். விளக்கு மாறினால் கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) உயிரோடு இருக்கிறது, பெரும்பாலும் திரைப்பக்கம்தான் சிக்கியிருக்கிறது என்று அர்த்தம். என் கணினியில் விளக்கு மாறவில்லை. ஆல்ட், சிஸ்ரிக்யூ இரண்டையும் பிடித்துக்கொண்டு ஆர், ஈ, ஐ, எஸ், யூ, பி என்று வரிசையாக அழுத்தி, தொங்கிய லினக்ஸைப் பத்திரமாக மறுபடி இயக்கும் வித்தைக்கும் அசைவில்லை. ஆக, கர்னலே நின்றுபோயிருந்தது.

மறுபடி இயக்கியதும் முந்தைய ஓட்டத்தின் பதிவுகளை ஜர்னல்சிடிஎல் என்ற கட்டளை வழியாகப் பார்த்தேன். சில முறை கடைசி வரிகளில் வயர்லெஸ் டிரைவர் (வைஃபை கார்டை இயக்கும் மென்பொருள்) புலம்பியிருந்தது: கார்டின் ஃபர்ம்வேர் (கார்டுக்குள் ஓடும் நிரல்) பதில் சொல்லவில்லை, ரீசெட் செய்கிறேன் என்று. மற்ற முறைகளில் ஒன்றுமே இல்லை. பதிவு இல்லாததால் பிழை இல்லை என்று ஆகிவிடாது. கர்னல் நின்ற பிறகு அதை வட்டில் எழுத ஆள் ஏது? விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஈவென்ட் வியூவரில் 'கர்னல்-பவர் 41' என்று வருவதைப் பார்த்துவிட்டுப் பலர் பவர் சப்ளையை மாற்றக் கிளம்பிவிடுகிறார்கள். கணினி முறையாக அணைக்கப்படவில்லை என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது, காரணத்தை அல்ல.

சரி, வைஃபைதான் என்று டிரைவர் மாட்யூலைக் கர்னலிலிருந்து கழற்றிவிட்டு ஈதர்நெட் கேபிளில் ஓட்டினேன். ஹேங் வெகுவாகக் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. என்னைக் குழப்பியது இந்த இடம்தான். முழுதாக நின்றிருந்தால் கார்டை மாற்றிவிட்டுப் போயிருப்பேன். கொஞ்சமும் குறையாமல் இருந்திருந்தால் கார்டை மறந்திருப்பேன்.

நல்லவேளையாக இன்னொரு தடயம் கிடைத்தது. இறக்கிய பெரிய ஐஎஸ்ஓ கோப்புக்கு ஷா256 சரிபார்ப்பு எண் (கோப்பின் உள்ளடக்கத்தை வைத்துக் கணக்கிடுவது) போட்டால், ஒரே கோப்புக்கு ஒரு தடவை ஒரு எண்ணும் அடுத்த தடவை வேறு எண்ணும் வந்தன. கோப்பு கெட்டிருந்தால்கூட ஒரே தவறான எண்தான் வர வேண்டும். எண் மாறிக்கொண்டே இருந்தால் மெமரி மீதுதான் முதல் சந்தேகம் வர வேண்டும்.

மெமரியைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 பிளஸை யூஎஸ்பியில் ஏற்றி இரவு முழுக்க ஓடவிட்டேன். காலையில் திரையில் சிவப்பு வரிகள். பிழைகள் ஒரே முகவரியில் திரும்பத் திரும்ப வந்தால் பெரும்பாலும் அந்த ரேம் குச்சியே பழுது. எனக்கோ அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறி வந்தன. பயாஸுக்குள் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) போய், மெமரியை வேகமாக ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பை அணைத்துவிட்டு மறுபடி ஓட்டினால் ஒரு பிழைகூட இல்லை.

எக்ஸ்எம்பி பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். டிடிஆர்4 மெமரிக்குத் தரநிலை மின்னழுத்தம் 1.2 வோல்ட். வேகமான கிட்டுகள் பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை எட்ட எக்ஸ்எம்பி அதை 1.35 வோல்ட் ஆக்கி, டைமிங்கையும் (மெமரியின் காத்திருப்பு நேரங்களை) இறுக்குகிறது. அது ஓவர்கிளாக்தான். ரேம் அந்த வேகத்தைத் தாங்கினாலும் பிராசசருக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலர் தாங்க வேண்டுமே; நான்கு குச்சிகள் செருகியிருந்தால் அதற்கு இன்னும் பாரம். என்னுடையதில் நான்கு. எக்ஸ்எம்பியை முழுக்க விட மனமில்லாமல் மெமரி வேகத்தை மட்டும் 3600-லிருந்து 3200 ஆக்கினேன், மெம்டெஸ்ட் சுத்தமாக முடிந்தது. (3600 மெகாஹெர்ட்ஸ் என்று விற்றாலும் உண்மையான கடிகார வேகம் 1800தான். ஒரு துடிப்புக்கு இரு முறை தரவு போவதால் இரட்டிப்பாகச் சொல்கிறார்கள்.)

வைஃபையைக் கழற்றியதும் ஹேங் ஏன் குறைந்தது என்பதும் அப்போது பிடிபட்டது. வயர்லெஸ் கார்டு வரும் பாக்கெட்டுகளைப் பிராசசரைக் கேட்காமல் டிஎம்ஏ வழியாக நேரே மெமரியில் எழுதுகிறது. என் ஈதர்நெட் கார்டும் அப்படித்தான். ஆனால் வைஃபை டிரைவரின் சொந்தக் கோளாறும் மெமரிக் கோளாறும் ஒரே சமயத்தில் வேலை செய்துகொண்டிருந்தன. கேபிளுக்கு மாறியபோது முதலாவது போய் இரண்டாவது மட்டும் மிஞ்சியது.

மெமரியைச் சரிசெய்த பிறகு வைஃபைக்கு வந்தேன். இப்போது ஹேங் வந்தால் டிரைவர்தான் என்று நம்பலாம். வந்தது, அதுவும் நெட் சும்மா இருக்கும் நேரத்தில். மின்சாரம் மிச்சம் பிடிக்கக் கார்டு தூங்கப் போகிறது, எழுப்பும்போது எழுவதில்லை. சாதாரண மென்பொருள் தொங்கினால் அதை மட்டும் மூடிவிடலாம். டிரைவர் கர்னலுக்குள்ளேயே ஓடுவதால் அது தொங்கினால் மொத்தக் கணினியையும் இழுத்துக்கொண்டு விழக்கூடும்.

நெட்வொர்க் மேனேஜரின் அமைப்பில் வைஃபை பவர்சேவ் மதிப்பை 2 ஆக்கினேன். 2 என்றால் அணை, 3 என்றால் இயக்கு. கூடவே பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பைத் தூங்கவைக்கும் ஏஎஸ்பிஎம்-ஐயும் கர்னலுக்குத் தொடக்கத்தில் கொடுக்கும் கட்டளை வரியில் அணைத்தேன், ஃபர்ம்வேர் தொகுப்பையும் புதுப்பித்தேன். ஹேங் நின்றது. ஆனால் எது நிறுத்தியது? ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டுப் பார்த்ததில் பவர்சேவை அணைத்தாலே போதும் என்று தெரிந்தது. ஏஎஸ்பிஎம்-ஐ அணைத்தே வைத்தால் மின்செலவு கூடும், அதனால் அதை மறுபடி இயக்கிவிட்டேன். விண்டோஸில் இதற்கு இணையானது பவர் ஆப்ஷன்ஸில் இருக்கும் வயர்லெஸ் அடாப்டர் அமைப்பு. அதை மேக்சிமம் பெர்ஃபார்மன்ஸில் வையுங்கள்.

மெமரி பிழையோடு ஓடிய காலத்தில் வட்டில் என்னென்ன தப்பாக எழுதப்பட்டதோ என்ற பயம் இருந்ததால் வட்டின் கோப்பமைப்பைச் சரிபார்க்கும் எஃப்எஸ்சிகே ஓட்டினேன். சில பிழைகள் அகப்பட்டன. சேதமான தொகுப்புகளை மறுபடி நிறுவினேன், முக்கியமான கோப்புகளைப் பழைய பேக்கப்போடு ஒப்பிட்டுப் பார்த்தேன்.

ஒரு தொல்லை மட்டும் இன்னும் பாக்கி. கணினியை உறங்கவைத்து எழுப்பினால் சில நேரம் வைஃபை பட்டியலே காலியாக இருக்கிறது. மாட்யூலைக் கழற்றி மாட்டினால் வந்துவிடுகிறது. அதற்கு ஒரு சிறிய ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருக்கிறேன்.