தூளா, குருணையா, பெல்லட்டா: சாயப்பட்டறைக்குக் கரி வாங்கிய கதை

தண்ணீரில் இருப்பதைத் தன் நுண்துளைகளில் பிடித்துவைக்கும் கரிதான் ஆக்டிவேட்டட் கார்பன். அதற்குக் கொட்டேஷன் கேட்டால் வருகிற எல்லாத் தாளிலும் முதல் வரி அயோடின் வேல்யூதான். 900, 1000, 1100 என்று போட்டி. திருப்பூர்ப் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் ஈடிபி, அதாவது கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம், என் பொறுப்பு. கார்பன் ஃபில்டரில் கரியை மாற்ற வேண்டிய நேரம் வந்தபோது, "சார், ஆயிரம் அயோடின், கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்க" என்றார் ஒரு விற்பனையாளர். காங்கேயம் பக்கத்துத் தேங்காய்த் தொட்டிக் கரி (கொட்டாங்குச்சிக் கரி), நல்ல சரக்குதான். ஆனால் அந்த எண் சொல்வது, ஒரு கிராம் கரி எத்தனை மில்லிகிராம் அயோடினைப் பிடிக்கும் என்பதை மட்டும். அயோடின் சின்ன மூலக்கூறு. எங்கள் தண்ணீரில் இருப்பதோ பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயம், பெரிய மூலக்கூறு. தொட்டிக் கரியில் பெரும்பாலும் 2 நானோமீட்டருக்கும் குறைவான நுண்துளைகள், சாயம் அதற்குள் சுலபமாக நுழையாது.

அதனால் விலையைப் பேசுவதற்கு முன்னால் கரிக்கு என்ன வேலை என்று பிரித்துப் பார்த்தோம். இரண்டு வேலை இருந்தது. ஒன்று, கலர் எடுக்க ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட்) போட்ட பிறகு மிஞ்சும் குளோரினை ஆர்ஓவுக்கு முன்னால் நீக்குவது. ஆர்ஓ என்பது கழிவுநீரைத் திரும்பப் பயன்படுத்த மெம்பரேன் என்ற மெல்லிய சவ்வு வழியாக வடிக்கும் இயந்திரம் (பாலிஅமைடு மெம்பரேனுக்குக் குளோரின் ஆகவே ஆகாது). 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னதற்குப் பிறகு இங்கே கழிவுநீரை வெளியே விடுகிற பேச்சே கிடையாது, மெம்பரேன் போனால் பட்டறையே நின்றுவிடும். இரண்டாவது வேலை, அடர் ஷேடு ஓடுகிற நாட்களில் உயிரிச் சுத்திகரிப்பையும் தாண்டி வந்துவிடும் கலர்.

சாம்பிள்களை வாங்கி, ஜாடிகளில் எங்கள் தண்ணீரை எடுத்துக் கரியைக் கலந்து பார்க்கும் ஜார் டெஸ்ட் போட்டோம். இதில் கவனிக்க வேண்டியது, எல்லாக் கரியையும் ஒரே அளவுக்கு அரைத்து, ஒரே எடையில், ஒரே நேரம் கலக்க வேண்டும், இல்லாவிட்டால் தூள் வேகமாக இழுத்துவிடும், குருணை மெதுவாக இழுக்கும், நீங்கள் ஒப்பிடுவது கரியை அல்ல, அதன் பருமனை. வடிகட்டிப் பார்த்தால் கலர் எடுப்பதில் ஆயிரம் அயோடின் தொட்டிக் கரி பின்தங்கியது, அயோடின் குறைவான மரக்கரித் தூள் முந்தியது. அதில் நடுத்தரத் துளைகள் அதிகம். குளோரினுக்குத் தொட்டிக் கரியே தாராளம், கெட்டியானது, பேக்வாஷில் (தண்ணீரைக் கீழிருந்து மேலே விட்டுக் கழுவுவதில்) நொறுங்காது, சாம்பலும் குறைவு.

சரி, அப்படியென்றால் எல்லாவற்றுக்கும் தூளே போதுமே என்று கணக்குப் பிள்ளை கேட்டார். தூள் ஃபில்டரில் நிற்காது. கசடு அடியில் படியும் கிளாரிஃபையர் தொட்டிக்கு முன்னால் தண்ணீரில் கலந்து போட்டு, அந்தக் கசடோடு (ஸ்லட்ஜ்) எடுத்துவிட வேண்டும், திரும்ப உயிரூட்ட முடியாது, ஸ்லட்ஜை அகற்றும் செலவும் ஏறும். கொஞ்சம் தப்பினாலும் ஆர்ஓவுக்கு முன்னால் இருக்கும் 5 மைக்ரான் காட்ரிஜ் ஃபில்டர் கறுத்துப் போகும். ஆனால் கலர் வருகிற நாளில் மட்டும் போடலாம், தனியாகப் பெரிய தொட்டியும் வேண்டாம். எங்கள் கலர் தினமும் ஒரே மாதிரி வருவதில்லை என்பதால் அதற்குத் தூள், குளோரினுக்குக் குருணை என்று முடிவானது. தினமும் ஒரே அளவில் கலர் வருகிற ஆலையாக இருந்தால் குருணைப் படுகைதான் மலிவாக வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

பெல்லட்டையும் ஒருவர் காட்டினார். 3, 4 மில்லிமீட்டர் உருளை. காற்றும் ஆவியும் போகும் குழாய்க்கு அருமையானது, அழுத்த இழப்பு குறைவு. தண்ணீரில் சாயம் அதன் நடுவரைக்கும் போய்ச் சேர நேரம் பிடிக்கும். வேண்டாம் என்றோம்.

குருணையில் 8x30, 12x40 என்று இரண்டு மெஷ் (சல்லடைக் கண் அளவு) கிடைத்தது. 12x40 பொடிசு, வேகமாக வேலை செய்யும், ஆனால் முன்னால் இருக்கும் மணல் ஃபில்டர் சரியாக ஓடாவிட்டால் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். எங்கள் மணல் ஃபில்டரின் லட்சணம் தெரிந்ததால் 8x30. அப்புறம் தொடுநேரம், அதாவது தண்ணீர் கரிப் படுகையைக் கடக்கும் நேரம்: மணிக்கு 10 கனமீட்டர் ஓட்டத்துக்கு 2.5 கனமீட்டர் கரி என்றால் 15 நிமிடம். குளோரினுக்கு இது தேவைக்கும் மேலே, இருக்கிற தொட்டியின் கொள்ளளவு அப்படி.

கரியைப் போட்டதும் ஓட்டிவிடக் கூடாது. துளைகளில் இருக்கும் காற்று வெளியேற ஒரு நாள் ஊற வேண்டும், பிறகு கறுப்புத் தூசு நிற்கும்வரை பேக்வாஷ், அந்தத் தண்ணீரை ஆர்ஓ பக்கம் திருப்பவே கூடாது. ஈரமான கரி, ஃபில்டர் தொட்டிக்குள் இருக்கும் ஆக்சிஜனையும் இழுத்துக்கொள்ளும், வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆக்சிஜன் மீட்டர் வைத்துப் பார்க்காமல், மேலே ஒருவர் நிற்காமல் யாரையும் உள்ளே இறக்காதீர்கள்.