டிசம்பர் குறிப்புகள், நாசரேத் (தூத்துக்குடி மாவட்டம்)

டிசம்பர் 8
அம்மாவுக்கு ஸ்கேன் எடுத்தாச்சு. ரிசல்ட் வர ஒரு வாரம் ஆகுமாம்.

டிசம்பர் 10
கிறிஸ்துமஸ் பலகாரம், முந்திரிக்கொத்துக்குச் சிறுபயறு வறுத்தேன். அம்மா கட்டிலில் இருந்தபடியே வாசனை பிடித்து, "கருக விட்டுராத ஏட்டி, கசந்துபோகும்" என்கிறாள். உடன்குடிக் கருப்பட்டிதான் வேண்டுமாம், சீனி போட்டால் தொடமாட்டாளாம். அவளால் இப்போது கஞ்சியே இறக்க முடியவில்லை. சித்தப்பா வீட்டுக்கும் சேர்த்துச் செய்யச் சொல்கிறாள். கிணற்று வழக்குக்கு அப்புறம் அங்கிருந்து ஒரு ஈ காக்கா இந்தப் பக்கம் வந்ததில்லை.

டிசம்பர் 11
தூக்கமில்லை.

டிசம்பர் 13
ராத்திரி பைபிளில் ஒன்று கொரிந்தியர் 11 வாசிக்கச் சொன்னாள் அம்மா. திருவிருந்து ஆராதனையில் கேட்டுக் கேட்டுப் பழகின பகுதிக்குக் கொஞ்சம் முன்னால் கொரிந்து சபைக்குப் பவுல் எவ்வளவு கோபமாக எழுதியிருக்கிறார்! இருக்கிறவன் முந்திக்கொண்டு தன் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிடுகிறான், இல்லாதவன் பசியோடு உட்கார்ந்திருக்கிறான், இது கர்த்தருடைய இராப்போஜனமே இல்லை என்கிறார். எனக்கு எங்கள் அசனம்தான் நினைவுக்கு வந்தது. கோயில் வளாகத்தில் ஊரே ஒரே பந்தியில் உட்காரும், ஒரே அண்டாவில் வெந்த சோறு, ஒரே கறிக்குழம்பு, வர முடியாதவர்களுக்குத் தூக்குவாளியில் போகும். போன அசனத்தில் சித்தப்பா எனக்கு நேர் எதிரே இருந்தார். அவர் இலையை அவர் பார்த்தார், என் இலையை நான் பார்த்தேன். அதைப் பந்தி என்று சொல்ல மனசு வரவில்லை.

டிசம்பர் 16
ரிசல்ட் வந்துவிட்டது. அதை இங்கே எழுதமாட்டேன்.

டிசம்பர் 18
அச்சுமுறுக்கு. தீபாவளிக்கு அதிரசம் கொடுத்த பக்கத்து வீட்டு அக்கா மாவு கரைக்க வந்தார்கள். அச்சை எண்ணெயில் நன்றாகக் காயவைத்து, மாவில் விளிம்பு மூழ்காமல் முக்கால்வாசி மட்டும் முக்க வேண்டும், மேலே ஏறிவிட்டால் கழன்று விழாது. தேங்காய்ப்பால் மணம் வீடு முழுக்க. அம்மா ஒரு விள்ளல் வாயில் போட்டாள். போட்டாள்!

டிசம்பர் 21
பைபிளில் வருகிற சகேயுவையே யோசித்துக்கொண்டிருக்கிறேன், ஊரே பாவி என்று ஒதுக்கின வரி வசூலிக்கிறவன். அவன் திருந்தட்டும், அப்புறம் போகலாம் என்று இயேசு காத்திருக்கவில்லை. "இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும்" என்பதுதான் முதலில் வருகிறது, நாலத்தனையாகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று அவன் சொல்வது அதற்கப்புறம்தான். சித்தப்பா முதலில் மன்னிப்புக் கேட்கட்டும் என்று எத்தனை வருஷம் உட்கார்ந்திருப்பது? அம்மாவுக்கு அவ்வளவு நேரம் இல்லை.

டிசம்பர் 23
கொத்து டப்பாவோடு போனேன். சித்திதான் கதவைத் திறந்தார்கள். "அக்காவுக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டதும் எனக்குப் பேச்சே வரவில்லை. உள்ளே டிவி சத்தம் மட்டும் நின்றது. அவர் வெளியே வரவில்லை.

டிசம்பர் 24
காலை ஆராதனை நாலரைக்கு. நாளை மத்தியானம் இரண்டு இலை கூடப் போடச் சொல்கிறாள் அம்மா. வருவார்களா என்று கேட்டால், "நீ கறி வாங்கி வை" என்கிறாள். சரி, ஒரு கிலோ கூட வாங்கணும், கடையில் இப்போதே கூட்டம்.