போனஸ் மாதத்தில் ஏன் இவ்வளவு பிடித்தம்?

ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கும் தம்பிகள் தீபாவளி முடிந்ததும் கேட்பது இதைத்தான்: "அண்ணா, போனஸுக்குத் தனி வரியா?"

இல்லை. போனஸ், ஓவர்டைம் எல்லாமே சம்பளக் கணக்குதான், தனி விகிதம் கிடையாது. வருடத்துக்கு எவ்வளவு வரும் என்று கணித்து, அதற்கான வருமான வரியைக் கம்பெனி மாதாமாதம் பிடிக்கிறது. நடுவில் போனஸ் வந்தால் அந்தக் கணிப்பு ஏறும். கூடிய வரியை மார்ச்சுக்குள் பிடித்தாக வேண்டும். சில இடங்களில் அந்த மாதமே மொத்தமாகப் பிடித்துவிடுவார்கள்.

2025-26 நிதியாண்டுக்குப் புதிய வரி முறையில் பாருங்கள். சம்பளம் 12 லட்சம், வேறு வருமானம் இல்லையென்றால் வரியே இல்லை. மேலே போனஸும் ஓவர்டைமும் 1 லட்சம் வந்தால்? 13 லட்சத்தில் நிலைக்கழிவு (சம்பளக்காரர் எல்லாருக்கும் கிடைக்கும் கழிவு) 75,000 போக 12.25 லட்சம். வரியில்லா எல்லையான 12 லட்சத்தைத் தாண்டிய அந்த 25,000 ரூபாய் அப்படியே வரி, அந்த வரி மேல் 4% செஸ் சேர்த்து 26,000. ராத்திரி ஷிப்ட் நின்று சம்பாதித்த காசு, எனக்கும் வலிக்கத்தான் செய்கிறது. ஆனாலும் அந்த லட்சத்தில் 74,000 கையில் நிற்கும்.

அப்புறம், கூடுதலாகப் பிடித்திருந்தால் ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கலாம். கம்பெனி பிடித்த வரிக்குத் தரும் சான்றான படிவம் 16ஐக் கேட்டு வாங்கி, வரித் துறையின் கணக்கில் உங்கள் பெயரில் சேர்ந்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் அறிக்கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.